ஜிபார்டட் பாதியில் நின்றது: டேட்டா பார்ட்டிஷன் திறக்கிறது, ஆனால் பாதிக் கோப்புகள் குப்பை

அணைக்கரை | இரவு 8:10

வணக்கம். கிருஷ்ணகிரியில் சின்னச் சின்ன கம்பெனிகளுக்கு நெட்வொர்க், சர்வர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். இன்று மத்தியானம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையிலிருந்து போன் வந்தது. சீசன் உச்சம், பெங்களூரா காய் வரத்து அதிகம். கேட்டுக்கு வெளியே டிராக்டர்கள் நிற்கின்றன. உள்ளே எடைமேடை பில் போட முடியவில்லை.

சர்வர் உபுண்டு 20.04. ஒரே ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணை. முதலில் பூட் ஆவதற்கு 512 எம்பி ஈஎஃப்ஐ, அப்புறம் சிஸ்டம் இருக்கும் 30 ஜிபி ரூட், மீதியில் 900 ஜிபி டேட்டா, எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், லேப் ரிப்போர்ட் பிடிஎஃப், ஏற்றுமதிப் பேப்பர் எல்லாம் டேட்டாவில்தான்.

ரூட் நிறைந்துவிட்டது என்று அங்கே வேலை பார்க்கும் பையன் லைவ் யூஎஸ்பி (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) போட்டு, பார்ட்டிஷன் அளவை மாற்றும் ஜிபார்டட்டைத் திறந்திருக்கிறான். டேட்டாவை 100 ஜிபி சுருக்கி, அப்படியே வலப்பக்கம் நகர்த்தி, இடப்பக்கம் காலியாகும் இடத்தை ரூட்டுக்குக் கொடுப்பது திட்டம். அப்ளை கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். கரண்ட் போனது. ஜெனரேட்டர் சில விநாடிகளில் எடுத்துக்கொண்டது, ஆனால் யூபிஎஸ் பேட்டரி செத்த பேட்டரி. நகர்த்தும் வேலை 40 சதவீதம் வாக்கில் இருந்ததாகச் சொல்கிறான்.

மறுபடி லைவ் யூஎஸ்பியில் ஏற்றி, ஃபைல் மேனேஜரில் டேட்டாவை அழுத்தியிருக்கிறான். திறந்துவிட்டது! ஃபோல்டர் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. சில பிடிஎஃப் நன்றாகத் திறக்கிறது, சிலது 'கோப்பு சேதம்' என்கிறது. ஒரு ஏற்றுமதி லாட்டின் பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) ரிப்போர்ட்டைத் திறந்தால் உள்ளே ஜேபெக் படத்தின் துண்டு. நான் போனிலேயே ஆஃப் பண்ணச் சொல்லிவிட்டேன்.

பார்ட்டிஷன் அட்டவணையைக் காட்டும் எஃப்டிஸ்க்கில் பார்த்தால் மூன்றாவது பார்ட்டிஷன் (டேட்டா) பழையபடி 63965184-ஆவது செக்டரில் (512 பைட் துண்டு) தொடங்கி 900 ஜிபி காட்டுகிறது. எதுவுமே நடக்காத மாதிரி. ஃபைல்சிஸ்டத்தின் விவரம் காட்டும் டம்ப்ஈ2எஃப்எஸ் மட்டும் 209715200 பிளாக் என்கிறது, அதாவது 800 ஜிபி. இங்கிருந்து எப்படிப் போவது?

தகடூர் தம்பி | இரவு 8:24

அண்ணா, எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்தற கட்டளை) மைனஸ் ஒய் அடிச்சு விடுங்க. எனக்குப் போன வருஷம் இதே மாதிரி கரண்ட் போய் ஆச்சு, ரெண்டு நிமிஷத்துல சரியாயிடுச்சு.

ராயக்கோட்டை ரூட் | இரவு 8:31

அணைக்கரை, தம்பி சொன்னதைச் செய்துவிடாதீர்கள். ஏற்கெனவே செய்திருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

தம்பி, உங்களுக்கு நடந்தது வேறு. எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனால் ஜர்னலை (எழுதப்போவதை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவு) மறுபடி ஓட்டினாலே சரியாகிவிடும். இங்கே ஃபைல்சிஸ்டத்தின் பின்பகுதி வேறு இடத்தில் கிடக்கிறது. எஃப்எஸ்சிகேவுக்கு அது தெரியாது. பழைய இடத்தில் இருப்பதைப் பார்த்து 'இந்த ஐநோடு (கோப்பின் விவரக் குறிப்பு) தப்பு, அந்த டைரக்டரி தப்பு' என்று அழிக்கத் தொடங்கும். மைனஸ் ஒய் கொடுத்தால் கேட்காமலே அழிக்கும். நல்ல நிலையில் இருக்கும் முன்பகுதியிலிருந்தும் பின்பகுதியைச் சுட்டும் பதிவுகளை வெட்டிவிடும். கடைசியில் லாஸ்ட் ப்ளஸ் ஃபவுண்டில் எண்களாக ஆயிரக்கணக்கில் கிடக்கும், எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதில் மோசமானது, திறக்கிறது என்பதுதான். பார்ட்டிஷன் அளவு ஃபைல்சிஸ்டத்தைவிடச் சின்னதாக இருந்தால் 'சூப்பர்பிளாக்கோ (ஃபைல்சிஸ்டத்தின் தலைப்புப் பதிவு) அட்டவணையோ கெட்டிருக்கிறது' என்று ஈ2எஃப்எஸ்சிகே (எக்ஸ்ட்4-க்கான எஃப்எஸ்சிகே) நிறுத்திவிடும். இங்கே 800 ஜிபி ஃபைல்சிஸ்டம் 900 ஜிபி பார்ட்டிஷனுக்குள் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. எச்சரிக்கையே வராது.

முதலில் சொல்லுங்கள்: எஃப்எஸ்சிகே ஓடியதா? டிஸ்க்கின் ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் அறிக்கை) எப்படி? பேக்கப் எங்கே?

பாலக்கோடு பி | இரவு 8:40

டெஸ்ட்டிஸ்க் போட்டால் பழைய பார்ட்டிஷனைக் கண்டுபிடித்துவிடுமே? நான் ஒரு முறை முழு அட்டவணையே போனதை அதில்தான் மீட்டேன்.

ராயக்கோட்டை ரூட் | இரவு 8:47

பாலக்கோடு, அட்டவணை போயிருந்தால் டெஸ்ட்டிஸ்க் பொன் மாதிரியான கருவி. இங்கே அட்டவணை போகவில்லை. ஜிபிடியின் முதல் பிரதி டிஸ்க்கின் தொடக்கத்தில், இரண்டாவது பிரதி கடைசி செக்டர்களில், இரண்டும் சரியாகத்தான் இருக்கும். அட்டவணை எழுதுவது ஒரு நொடி வேலை, அதைத் திருப்பி எழுதுவதும் ஒரு நொடி. இவருக்கு நகர்ந்தது டேட்டாவே.

ஓசூர் நைட்ஷிப்ட் | இரவு 9:05

இதற்குத்தான் எல்விஎம் (டிஸ்க் இடத்தை எக்ஸ்டென்ட் என்ற துண்டுகளாகப் பங்கிடும் அடுக்கு) போடுங்கள் என்று தொண்டை கிழியச் சொல்கிறோம். எல்விஎம்மில் ரூட்டுக்கு இடம் கொடுக்க யாரும் யாரையும் நகர்த்த வேண்டியதில்லை, எங்கே காலியோ அங்கே எக்ஸ்டென்டை எடுத்துக்கொள்ளும். நகர்த்தியே ஆக வேண்டும் என்றாலும் அதன் பிவிமூவ் கட்டளை அவ்வப்போது குறிப்பு எழுதிக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி பிவிமூவ் என்று அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அணைக்கரை | இரவு 9:20

ஓசூர் அண்ணா, அந்த சர்வரை நிறுவியது நான் இல்லை. திட்டுவதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் 😄

எஃப்எஸ்சிகே ஓடவில்லை. ஸ்மார்ட்டில் ரீஅலொகேட்டட் 0, பெண்டிங் 0. டிஸ்க் நல்ல டிஸ்க்.

பேக்கப் கதை கேளுங்கள். தினமும் ராத்திரி மைஎஸ்க்யூஎல் டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்து ரூட்டில் வார்/பேக்கப்ஸில் போடும்படி யாரோ ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறார்கள். பழையதை அழிக்கும் வரி அதில் இல்லை. ரூட்டை நிரப்பியதே அதுதான். நிறைந்த நாளிலிருந்து வரும் டம்ப் எல்லாம் 0 பைட். கடைசி நல்ல டம்ப் சீசன் தொடங்குவதற்கு முந்தியது. விவசாயிகளுக்குப் பட்டுவாடா செய்ய வேண்டிய எடைச் சீட்டுகள் அத்தனையும் அதற்கு அப்புறம்தான்.

ஓனர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சாஃப்ட்வேர் கொடுத்தவர்கள் ஃபார்மட் அடித்துப் புதிதாக ஏற்றித் தருகிறோம் என்கிறார்களாம்.

ராயக்கோட்டை ரூட் | இரவு 9:34

ஃபார்மட் என்ற சொல்லை அந்த அறையில் யாரும் உச்சரிக்க வேண்டாம். ஓனருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், பில்லை நாளைக் காலை வரை கையால் எழுதச் சொல்லுங்கள்.

டிஸ்க்கைக் கழற்றி உங்கள் இடத்துக்குக் கொண்டுபோங்கள். 2 டிபி வெளி டிஸ்க் ஒன்று வாங்கி, டிடிரெஸ்க்யூவில் முழு டிஸ்க்கையும் இமேஜாக (செக்டருக்குச் செக்டர் நகல்) எடுங்கள். மூன்றாவது பார்ட்டிஷனை மட்டுமல்ல, முழு டிஸ்க். மேப்ஃபைல் கொடுக்க மறக்காதீர்கள், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லைவ் டெஸ்க்டாப்பில் தானாக மவுண்ட் ஆவதை (டிஸ்க் திறந்துகொள்வதை) முதலில் அணையுங்கள், பிளாக்டெவ்வில் செட்ஆர்ஓ கொடுத்து டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று வையுங்கள்.

இன்னொன்று. யூஎஸ்பி டாக் (டிஸ்க்கைச் செருகும் பெட்டி) வழியாக எடுப்பதாக இருந்தால் பிளாக்டெவ் கெட்எஸ்எஸ் அடித்து செக்டர் அளவு 512 என்று வருகிறதா பாருங்கள். சில டாக் 4096 என்று காட்டும். அப்போது அட்டவணையே தெரியாது, போட்ட கணக்கெல்லாம் எட்டு மடங்கு தப்பும்.

அணைக்கரை | அதிகாலை 1:52

இமேஜ் முடிந்தது. ஒரு செக்டர்கூடப் பிழை இல்லை. செக்டர் அளவு 512. மூலத்தை உறையில் போட்டுப் பீரோவில் வைத்துவிட்டேன். இனி இமேஜில்தான் எல்லாம்.

ராயக்கோட்டை ரூட் | அதிகாலை 2:10

தூங்கவில்லையா? சரி, நானும் தூங்கவில்லை.

இப்போது என்ன நடந்தது என்று பார்ப்போம். நான் ஜிபி என்று சொல்வதெல்லாம் 1024 கணக்கு; ஒரு ஜிபி = 2097152 செக்டர்.

பழைய தொடக்கம் 63965184. வலப்பக்கம் 100 ஜிபி, அதாவது 209715200 செக்டர். எனவே புதுத் தொடக்கம் 273680384. (உங்கள் டம்ப்ஈ2எஃப்எஸ் காட்டிய 209715200 பிளாக்கும் இதே எண்தான், தற்செயல். அது 4096 பைட் பிளாக், இது 512 பைட் செக்டர். இரண்டையும் குழப்பிக்கொண்டு ராத்திரி முழுக்க அலையாதீர்கள்.)

பழைய இடமும் புது இடமும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. முன்னாலிருந்து நகலெடுத்தால் இன்னும் எடுக்காததை அழித்துவிடும். அதனால் வலப்பக்கம் நகர்த்தும்போது ஜிபார்டட் கடைசியிலிருந்து பின்னோக்கி வரும். குடோனில் மாங்காய் க்ரேட் வரிசையை நான்கு அடி வலப்பக்கம் தள்ள வேண்டுமென்றால் கடைசி க்ரேட்டிலிருந்துதானே எடுப்பீர்கள், அப்படி. ஆகவே வால் பகுதி புது இடத்தில், தலைப் பகுதி பழைய இடத்தில். சூப்பர்பிளாக் தலையில் இருப்பதால் மவுண்ட் ஆனது.

எந்த இடத்தில் நின்றது என்பதுதான் கேள்வி. இங்கே உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது, அதைக் கவனமாகப் படியுங்கள். ஃபைல்சிஸ்டத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணினால், வேலை நின்ற இடம் 'க' ஜிபி என்று வைப்போம். 'க'வுக்கு மேல் உள்ளது எல்லாம் புது இடத்தில் பத்திரம். பழைய இடத்தில் மேலெழுதப்பட்டது எது? புதுப் பிரதி 100 ஜிபி தள்ளி விழுகிறது. ஆகவே பழைய இடத்தில் 'க' + 100-க்கு மேல் உள்ளதுதான் அழிந்தது. அதற்குக் கீழே எல்லாம் அப்படியே இருக்கிறது.

அதாவது 'க'விலிருந்து 'க' + 100 வரை உள்ள 100 ஜிபி டேட்டா இரண்டு இடத்திலும் இருக்கிறது. அந்த 100 ஜிபிக்குள் எங்கே வெட்டி ஒட்டினாலும் சரியாக வரும். துல்லியமான செக்டரைத் தேட வேண்டியதே இல்லை.

ஓசூர் நைட்ஷிப்ட் | அதிகாலை 2:26

அடேயப்பா. நான் எல்விஎம் பேச்சை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இது அழகு.

'க'வைக் கண்டுபிடிக்க பேக்கப் சூப்பர்பிளாக்கைப் பிடிக்கலாமே? ஒவ்வொன்றிலும் அது எந்தக் குரூப்பை (பிளாக் தொகுதியை) சேர்ந்தது என்ற எண் இருக்கும்.

ராயக்கோட்டை ரூட் | அதிகாலை 2:35

முதலில் நானும் அதைத்தான் நினைத்தேன். பேக்கப் சூப்பர்பிளாக் இருப்பது குரூப் 1-இலும், 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்குகளிலும் மட்டும். ஒரு குரூப் 128 எம்பி. 3125 என்பது 390 ஜிபி சொச்சத்தில். அதற்கு அடுத்தது 6561, அது 820 ஜிபி. இந்த ஃபைல்சிஸ்டமே 6400 குரூப்தான். 40 சதவீதம் என்று பையன் சொன்னது உண்மையென்றால் 'க' 480 வாக்கில் இருக்க வேண்டும். அந்தப் பக்கமே ஒரு கல்லும் இல்லை.

ஆனால் நேரடியாக ஒப்பிடலாம். ஒவ்வொரு முழு ஜிபியிலும் பழைய தொடக்கம் + அத்தனை ஜிபியிலிருந்து 1 எம்பி, புதுத் தொடக்கம் + அத்தனை ஜிபியிலிருந்து 1 எம்பி. இரண்டும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருந்தால் நீங்கள் அந்த 100 ஜிபிக்குள் இருக்கிறீர்கள். சிஎம்பி கட்டளையை ஒரு லூப்பில் போட்டால் போதும். முழுக்கப் பூஜ்யமாக இருக்கும் துண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். காலி இடமும் காலி இடமும் எப்போதும் ஒத்துப்போகும்.

அணைக்கரை | காலை 6:45

சிஎம்பி ஓடி முடிந்தது. அடியில் 0 முதல் 482 வரை எல்லாம் 'வேறு' அல்லது பூஜ்யம். 483-இல் 'ஒன்று' என்று வந்தது. அங்கிருந்து 582 வரை, பூஜ்யத் துண்டுகளை விட்டால், எல்லாமே 'ஒன்று'. 583 முதல் மறுபடி 'வேறு'.

திரையில் அந்த வரிசை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் சொன்ன 100 ஜிபி சரியாக 100 ஜிபியாகவே வந்தது.

ராயக்கோட்டை ரூட் | காலை 7:02

அருமை. இனி ஒட்டு வேலை. விளிம்பில் வேண்டாம், நடுவில் வெட்டுவோம். 530 ஜிபி = 1111490560 செக்டர். மீதி 270 ஜிபி = 566231040 செக்டர்.

இமேஜை லோசெட்அப்பில் படிக்க மட்டும் என்று லூப்0-இல் (கோப்பை டிஸ்க் போலக் காட்டும் சாதனம்) ஏற்றுங்கள். அப்புறம் டிஎம்செட்அப்பில் 'ஒட்டு' என்ற பெயரில் இந்த இரண்டு வரி அட்டவணை (தொடக்கம், நீளம், வகை, சாதனம், அதில் தொடங்கும் இடம்):

0 1111490560 லீனியர் /டெவ்/லூப்0 63965184
1111490560 566231040 லீனியர் /டெவ்/லூப்0 1385170944

இரண்டாவது வரியின் கடைசி எண், புதுத் தொடக்கம் + 530 ஜிபி. நீங்களும் ஒரு முறை கூட்டிப் பாருங்கள், நான் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறேன்.

இது எதையும் நகலெடுக்காது. தலையையும் வாலையும் சேர்த்து ஒரே டிஸ்க் போலக் காட்டும், அவ்வளவுதான். இதை மவுண்ட் செய்யும்போது ஆர்ஓ (படிக்க மட்டும்), நோலோட் (ஜர்னலைத் தொடாதே) இரண்டையும் கொடுங்கள். வெறும் ஆர்ஓ கொடுத்தால் எக்ஸ்ட்4 ஜர்னலை ஓட்டப் பார்க்கும்.

தகடூர் தம்பி | காலை 7:30

அண்ணா, ஒரு சந்தேகம். நேற்று நான் சொன்னதுக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், அது சரி. ஆனா விட்ட இடத்திலிருந்து மீதித் தலையையும் டிடி (அப்படியே நகலெடுக்கற கட்டளை) போட்டுப் புது இடத்துக்கு நகர்த்தினா ஜிபார்டட் முடிச்ச மாதிரியே ஆயிடாதா?

ராயக்கோட்டை ரூட் | காலை 7:41

ஆகும் தம்பி, நல்ல கேள்வி. ஆனால் டிடி முன்னாலிருந்து பின்னால் போகும். பின்னோக்கி எடுக்க நீங்களே துண்டு துண்டாக ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். ஒரு கணக்கு தப்பினால் இருப்பதும் போகும். இப்போது அட்டவணையில் எண் தப்பினால் டிஎம்செட்அப் ரிமூவ் அடித்து வேறு எண் போடலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.

அணைக்கரை | காலை 8:20

மவுண்ட் ஆனது. நேற்று ஜேபெக் துண்டு காட்டிய அதே பிரிக்ஸ் ரிப்போர்ட் முழுசாகத் திறக்கிறது, லேப் சீல் உட்பட. ஃபோல்டருக்கு ஃபோல்டர் திறந்து பார்த்தேன், எல்லாம் சரி.

ஈ2எஃப்எஸ்சிகேவை மைனஸ் என் (எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும்) கொடுத்துப் பார்த்தேன். ஜர்னல் மிச்சம் இருக்கிறது, காலி பிளாக் எண்ணிக்கை தப்பு என்கிறது. வேறு பெரிய புகார் இல்லை. பையன் ஒரு முறை மவுண்ட் செய்ததன் மிச்சம் என்று நினைக்கிறேன்.

ராயக்கோட்டை ரூட் | காலை 8:33

அதேதான். கோப்புகளை முதலில் வேறு டிஸ்க்குக்கு ஆர்சிங்க் செய்துவிடுங்கள். அதற்கு எஃப்எஸ்சிகே தேவையே இல்லை. செய்துதான் ஆக வேண்டுமென்றால் ஒட்டின்மேல் ஒரு ஸ்னாப்ஷாட் போடுங்கள்: 20 ஜிபி காலிக் கோப்பு ஒன்றை லூப்1 ஆக்கி,

0 1677721600 ஸ்னாப்ஷாட் /டெவ்/மேப்பர்/ஒட்டு /டெவ்/லூப்1 என் 8

எழுதுவதெல்லாம் அந்த 20 ஜிபி கோப்பில் விழும், இமேஜ் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி.

மைஎஸ்க்யூஎல் எப்படி நின்றது? பையன் சர்வரை ஒழுங்காக ஷட்டவுன் செய்துதானே லைவ் யூஎஸ்பி போட்டான்?

அணைக்கரை | காலை 11:15

ஒழுங்காகத்தான் ஷட்டவுன் செய்திருக்கிறான். ஆர்சிங்க் முடிந்து, அந்த நகலின்மேல் ஒரு விர்ச்சுவல் மெஷினில் அதே பதிப்பு மைஎஸ்க்யூஎல்லை ஏற்றினேன். லாகில் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் எழுந்தது. இன்னோடிபி ஃபோர்ஸ் ரெக்கவரி (கட்டாய மீட்பு) எதுவும் தேவைப்படவில்லை. மைஎஸ்க்யூஎல்செக் எல்லா டேபிளுக்கும் ஓகே. உடனே முழு டம்ப் எடுத்தேன், இந்த முறை 0 பைட் இல்லை.

அரூர் அக்கவுண்ட்ஸ் | காலை 11:40

இந்த இழையில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நான் ஒரு ஆலையில் கணக்கு பார்ப்பவள். டேபிள் ஓகே என்று கம்ப்யூட்டர் சொன்னால் போதாது தம்பி. எடைமேடையில் கார்பன் வைத்த சீட்டுப் புத்தகம் இருக்கும். கடைசி நாள் புத்தகத்தை எடுத்து, வண்டி எண், மொத்த எடை, வெறும் வண்டி எடை, கழிவு எல்லாவற்றையும் திரையோடு வரி வரியாகப் பாருங்கள். அப்புறம் நடுவில் ஏதாவது ஒரு நாள். கழிவு சதவீதம் ஒரு வரியில் மாறினாலும் விவசாயிக்குப் போகும் தொகை மாறும், சண்டை உங்கள் தலையில்தான் வந்து விழும். அதை முடிக்காமல் பழைய டிஸ்க்கைப் பீரோவிலிருந்து எடுக்காதீர்கள்.

அணைக்கரை | மாலை 5:30

அக்கா, நீங்கள் சொன்னபடியே ஆலைக் கணக்கரை உட்கார வைத்துப் பார்த்தோம். கடைசி நாள் சீட்டு அத்தனையும் சரி. நடுவில் ஒரு நாளில் ஒரே ஒரு சீட்டு இடித்தது. புத்தகத்தில் அடித்துத் திருத்தியிருந்தார்கள், கம்ப்யூட்டரில் திருத்தவில்லை. அது டிஸ்க் தப்பு இல்லை, மனுஷத் தப்பு. கணக்கருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சர்வர் புது எஸ்எஸ்டியில் எழுந்துவிட்டது, எல்விஎம் போட்டுத்தான் (ஓசூர் அண்ணாவுக்கு மகிழ்ச்சியாக இருக்கும்). மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டேபில் யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) மாற்றி, சிஹெச்ரூட் போய் க்ரப் பூட்லோடரை நிறுவினேன். டம்ப் இனி வேறு மெஷினுக்குப் போகிறது, ஏழு நாளைக்கு மேல் பழையது அழியும், கோப்பு ரொம்பச் சின்னதாக இருந்தால் எனக்கு மெசேஜ் வரும். யூபிஎஸ் பேட்டரிக்கு ஓனர் பணம் கொடுத்துவிட்டார், கேட்காமலே.

ஓசூர் நைட்ஷிப்ட் | மாலை 5:52

மகிழ்ச்சிதான். ஆனால் கவனித்தீர்களா, அந்தப் பழைய டம்ப்பை எல்லாம் அழித்திருந்தாலே ரூட்டில் இடம் கிடைத்திருக்கும். பார்ட்டிஷனைத் தொட வேண்டிய அவசியமே இருந்திருக்காது. எந்த ஃபோல்டர் இடத்தை அடைக்கிறது என்று பார்க்க டியூ மைனஸ் எஸ்ஹெச் என்று ஒரு வரி.

பாலக்கோடு பி | இரவு 9:15

தாமதமாக ஒரு கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் கிட்டத்தட்ட இதே கதை, ஆனால் இடப்பக்கம் நகர்த்தும்போது நின்றது. இதே கணக்குதானா? அங்கே மவுண்டே ஆகவில்லை.

ராயக்கோட்டை ரூட் | இரவு 9:40

திருப்பிப் போடுங்கள். இடப்பக்கம் போகும்போது முன்னாலிருந்து நகலெடுக்கும். அதனால் தலை புது இடத்தில், வால் பழைய இடத்தில். நகர்ந்த தூரம் 'ந', நின்ற இடம் 'க' என்றால் இரண்டு பிரதியும் இருப்பது 'க' − 'ந' முதல் 'க' வரை. அட்டவணையின் முதல் வரி புதுத் தொடக்கத்திலிருந்து, இரண்டாவது வரி பழைய தொடக்கம் + வெட்டிய இடத்திலிருந்து. தொடக்கத்தில் இருந்த பழைய சூப்பர்பிளாக்கின் மேல் வேறு டேட்டா விழுந்திருக்கும், அதனால்தான் பழைய ஆஃப்செட்டில் மவுண்ட் ஆகாது.

ஒரு எச்சரிக்கை: நகர்ந்த தூரம் சின்னதாக இருந்தால், 1 எம்பி, 2 எம்பி என்றால், இரண்டு பிரதியும் இருக்கும் இடமும் அவ்வளவுதான். ஜிபிக்கு ஒரு முறை பார்த்தால் கண்ணில் படாது, நெருக்கமாகத் தேட வேண்டும். அந்த டிஸ்க் எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா? எஃப்எஸ்சிகே யாராவது அடித்தார்களா? புது இழை திறந்து ஸ்மார்ட் விவரத்தோடு போடுங்கள், அதற்குள் அதை யாரும் ஆன் பண்ண வேண்டாம்.